சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு பொழுதுபோக்கு சாத்தியமா?

நாலு வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று வைத்துக்கொண்டு, "இவங்க வளர்ற வரைக்கும் என் ஆசையை எல்லாம் மூட்டை கட்டி வச்சிடணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் சொன்ன இருவர் அதிகாலை நாலரைக்கு எழுந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பெயரைப் பார்த்தால் ஆண்கள் என்று தோன்றுகிறது, இல்லையென்றால் மன்னிக்கவும். நாலரைக்கு நான் எழுந்தால் நாலே முக்காலுக்கு என் சின்னவள் எழுந்து உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் அம்மா இல்லை என்பது தூக்கத்தில் எப்படித்தான் தெரியுமோ. அந்த யோசனை சின்னப் பிள்ளை இல்லாத வீட்டுக்கு.

சாத்தியம்தான். நேரத்தைத் தேடாதீர்கள், அது கிடைக்காது. வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பாதியில் போட்டுவிட்டு எழுந்து ஓடினாலும் கெட்டுப்போகாத வேலையாக இருக்க வேண்டும். எனக்கு அது தையல்.

எங்கள் அம்மா சித்திரை வெயிலில் கூழ் வத்தல் போடுவார். எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் கூழ் பதத்துக்கு வந்துவிட்டால் சூட்டோடு அச்சில் போட்டுப் பிழிந்தே ஆக வேண்டும், ஆறினால் அச்சு இறங்காது. அந்த நேரம் பார்த்துத்தான் ஒருத்தி பாத்ரூமிலிருந்து "அம்மா, முடிச்சிட்டேன்" என்று கூப்பிடுவாள். கேக்கும் அப்படித்தான், கலந்த மாவு யாருக்காகவும் காத்திருக்காது. துணி காத்திருக்கும். வெட்டிய துண்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுவிட்டால் ஆடியில் வெட்டினதைத் தீபாவளிக்குத் தைக்கலாம். ஒரு ஓரம் அடித்துவிட்டு எழுந்து போய்ச் சோறு ஊட்டிவிட்டு வந்தாலும் அடுத்த ஓரம் அங்கேயேதான் இருக்கும்.

தையலில் ஒரு சௌகரியம், அது பல சின்னச் சின்ன வேலையாகப் பிரியும். அளவெடுத்துச் செய்தித்தாளில் வரைவது ஒன்று. வெட்டுவது ஒன்று. மிஷினில் அடிப்பது ஒன்று. ஓரத்தை மடித்துக் கையால் ஹெம்மிங் போடுவது ஒன்று. வெட்டுவதை மட்டும் பிள்ளைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்வேன், கத்தரிக்கோலும் விரித்த துணியும் இருக்கும் இடத்தில் ரெண்டும் வந்து உருளும் என்பதால். ராத்திரியில் மிஷின் ஓட்ட முடியாது, கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் ஆகாது. அதனால் அடிப்பது எல்லாம் பெரியவன் யூகேஜி போயிருக்கும் பகலில்தான். ஹெம்மிங், டீவியில் அவர்கள் பொம்மைப்படம் பார்க்கும்போது. ஆமாம், என் பிள்ளைகள் டீவி பார்ப்பார்கள். அதற்குத் தனியாக ஒரு பிரசங்கம் வேண்டாம்.

என்ன தைப்பேன் என்றால், பெரும்பாலும் பழைய சேலையில் பிள்ளைகளின் துணி. நான் மதுரைக்காரி. எங்கள் வீட்டு அலமாரியில் அத்தை, அம்மா, சித்தி எல்லோருடைய சுங்குடியும் வந்து சேர்ந்திருக்கிறது. சௌராஷ்டிரக் குடும்பங்கள் துணியை நூலால் புள்ளி புள்ளியாக முடிந்து சாயம் போட்ட சேலை அது. 2005-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. இப்போது கடையில் விற்பதில் பாதிக்கு மேல் மெழுகு பிரிண்ட்தான் என்று என் சித்தி புலம்புவார். எதுவாக இருந்தாலும் பல வருஷம் துவைத்து நைந்த பருத்திக்கு இருக்கும் மெத்தென்ற தன்மை புதுத் துணிக்கு வராது. கைக்குழந்தைக்கு அதுதான் வேண்டும். அந்தக் காலத்தில் பழைய வேட்டியில் ஜபலா தைத்ததும் இதற்காகத்தான்.

நீங்களும் செய்வதானால் ஒன்று. சேலையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடமும் கொசுவம் செருகும் இடமும் இழை விட்டு வெளிச்சம் தெரியும். அந்தப் பாகத்தைத் துடைக்கும் துணிக்கு ஒதுக்கிவிட்டு மீதியை எடுங்கள். பெண் குழந்தைக்குப் பாவாடை என்றால் பார்டரைக் கீழ்ப்பக்கம் வைத்து வெட்டினால் அடி மடித்துத் தைக்கும் வேலையே இல்லை, சேலையின் கரைதான் பாவாடையின் ஓரம். இடுப்பு 20 இஞ்ச் என்றால் சுற்றளவுக்கு மூன்று பங்கு, அதாவது 60 இஞ்ச் நீளம் வெட்டிச் சுருக்கம் வைத்தால் நன்றாக விரியும். உயரத்தில் நாலைந்து இஞ்ச் கூட விட்டு நடுவில் இரண்டு டக், அதாவது குறுக்காக மடித்துத் தைக்கும் மடிப்பு, பிடித்துவிடுங்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிடலாம். என் அம்மா எனக்கு அப்படித் தைத்த பட்டுப் பாவாடையை மூன்றாம் வகுப்பு வரைக்கும் போட்டிருக்கிறேன். பிரித்த இடத்தில் கோடு தெரியும், அதனால் என்ன.

கைக்குழந்தை ஜபலாவுக்குப் பட்டன் வைக்காதீர்கள். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். முதுகுப் பக்கம் முடிச்சு போடும் நாடாவே போதும். தையல் ஓரம் உள்ளே உறுத்தாதபடி வெளிப்பக்கம் வருமாறு அடியுங்கள். பார்க்க அழகாக இருக்காது, பிள்ளை அழாது.

"யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்" என்று எல்லோரும் கேட்பார்கள். வகுப்புக்கெல்லாம் போகவில்லை. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம் இருக்கிறதே, திருமலை நாயக்கர் கட்டினது, அங்கே தூணுக்குத் தூண் மிஷின் போட்டுத் தையற்காரர்கள் உட்கார்ந்திருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கலாம். துணியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தால் ஜாக்கெட் ரெடியாக இருக்கும். அம்மா உள்ளே போவார், நான் போகாமல் அங்கேயே நின்று வேடிக்கை பார்ப்பேன். தாத்தா வயதில் ஒருவர், அளவு நாடாவை எடுத்தே நான் பார்த்ததில்லை. பழைய ஜாக்கெட்டைத் துணி மேல் விரிப்பார், சாக்பீஸால் கோடு போடுவார், சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு வெட்டுவார். "பாப்பா, துணியைக் கொஞ்சமா விட்டா அப்புறம் எங்கிட்டிருந்து எடுப்ப?" என்று ஒரு முறை கேட்டார். இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு அளவாக இருக்கும் ஒரு சட்டையைச் செய்தித்தாளில் விரித்து வரைந்துதான் வெட்டுகிறேன். அந்தக் கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அது நல்லதுதான். எனக்குத்தான் அந்தப் பக்கம் போனால் வெறுமையாக இருக்கிறது.

இனி பாதுகாப்பு. இதைச் சொல்லாவிட்டால் "குழந்தை இருக்கும் வீட்டில் ஊசியா?" என்று கீழே யாராவது வருவார்கள் என்று தெரியும். என்னுடையது கால் மிஷின். வேலை முடிந்து எழும்போது சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிடுவேன். பெல்ட் இல்லையென்றால் குழந்தை மிதிப் பலகையை எவ்வளவு ஆட்டினாலும் மேலே ஊசி அசையாது, சக்கரத்தில் விரலும் சிக்காது. ஊசி, குண்டூசி எல்லாம் எவர்சில்வர் டப்பாவில், அலமாரி மேல்தட்டில். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று உண்டு. எழுந்திருக்கும் முன் அதைப் பாயின் மேல் ஒரு சுற்று இழுத்துவிடுவேன். இவ்வளவும் செய்தும் பாபின் கேஸ் மட்டும், அதான் மிஷினுக்கு அடியில் நூல் உருளையை வைக்கும் சின்னக் கூடு, அடிக்கடி காணாமல் போகும். போன தடவை அரிசி டின்னுக்குள் இருந்தது.

அப்புறம், "மாமியார் பார்த்துக்கொள்வார், நீங்கள் பேசலாம்" என்பவர்களுக்கு: என் அத்தை திருமங்கலத்தில் இருக்கிறார், நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான் வருவார். வேலைக்குப் போகும் அம்மாக்களைப் பார்த்து இதை எழுதவில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை படுத்துத் தூங்கட்டும், அதுவே நல்ல பொழுதுபோக்கு. காசு மிச்சம் என்றும் நான் சொல்ல வரவில்லை. நூல், எலாஸ்டிக், மிஷின் எண்ணெய் எல்லாம் கணக்குப் போட்டால் ரெடிமேட் ஜட்டி மலிவு. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் காரணம். பெண்கள் வீட்டில் செய்யும் எதற்கும் ஒரு லாபக் கணக்கு காட்டினால்தான் மதிப்பு என்பது எனக்கு ஒப்பவில்லை. "பொட்டிக் ஆரம்பிக்கலாமே" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அவர்களேதான் அடுத்த வாரம் ஃபால்ஸ் அடிக்கச் சேலையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், ஓசியில்.

துணிப் பேச்சு வந்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன். பெரியவன் பள்ளியில் யூனிஃபார்மை அவர்கள் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும். விலையைக்கூட விடுங்கள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் தையலுக்கு வெளியே கால் இஞ்ச் துணிகூட இல்லை. பிரித்துவிடவே முடியாது. ஐந்து வயதுப் பையன் ஒரு வருஷம் அதே அளவில் இருப்பானா? கால்சட்டை நடுவில் கிழிந்தது. நான் அதே நிறத்தில் துணி தேடி, உள்ளே ஒட்டுக் கொடுத்து, வெளியே தெரியாதபடி இரட்டைத் தையல் போட்டு அனுப்பினேன். டைரியில் எழுதி வந்தது, "ஒட்டுப் போட்ட ஆடை அனுமதி இல்லை. புதிது வாங்கவும்." அந்தத் தையலைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்றால் அதற்கு எவ்வளவு குனிந்திருக்க வேண்டும்! எங்கள் தெருவில் ஒரு அக்கா மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நாலு செட் விலையில்லாச் சீருடை தருகிறார்களே, அதைத் தைப்பவர்களில் ஒருவர். டைரியைக் காட்டினேன். ஒட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத வேணாம்னு சொன்னாகளா? சரித்தான்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். அந்தக் கால்சட்டையை இப்போது வீட்டில் போடுகிறான். இன்னும் கிழியவில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். கேள்வியின் கடைசியில், தையல் ஆசை உண்டு, புது மிஷினுக்குக் காசு போட வீட்டுக்காரர் யோசிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். புதிது வேண்டாம். ஊரில் மிஷின் ரிப்பேர் பார்ப்பவரிடம் பழைய கால் மிஷின் இருக்கும். போகும்போது உங்கள் வீட்டுப் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கொண்டுபோங்கள், அவர் காட்டும் துணியில் தைத்துப் பார்க்காதீர்கள். முதலில் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். எங்கும் இடறாமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். 14-ஆம் நம்பர் ஊசி போட்டு ஒரு முழம் தைத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல் நூலை மறுபடி கோத்து, டென்ஷனை, அதாவது அந்த நூலின் பிடிமானத்தை, கொஞ்சம் இறுக்கச் சொல்லுங்கள். அதற்கும் சரியாகவில்லையென்றால் அந்த மிஷின் வேண்டாம். மோட்டாரை அப்புறம்கூட மாட்டிக்கொள்ளலாம், சின்னது பள்ளிக்கூடம் போகட்டும். பாபின் கேஸ் மட்டும் உபரியாக ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள்.