சத்தம் போட்ட ஹார்டு டிஸ்க்குகள்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: 1999-இல் எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. சுவிட்சைப் போட்டால் கொய்ங் என்று ஒரு சத்தம் எழும்பும், அப்புறம் கறகறவென்று ஓடும். இப்போது மகள் வாங்கியிருக்கும் லேப்டாப் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்தக் கறகறவை மறுபடி கேட்க வேண்டும்போல் இருக்கிறது, சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். அது எதிலிருந்து வந்த சத்தம் சார்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், எனக்கும் அதே ஏக்கம் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று நாள் முழுக்க பேஜ்மேக்கர்தான். கன்ட்ரோல் எஸ் அடித்தால் மேஜைக்குக் கீழே சிபியுவிலிருந்து கறக், கறகற, டக் என்று வரும். கடைசி டக் காதில் விழும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழ மாட்டோம், ஏனென்றால் கரன்ட் எப்போது போகும் என்று தெரியாது, யுபிஎஸ் பேட்டரியை நம்பவும் முடியாது. போட்டோஷாப்பில் பெரிய படம் ஒன்றைத் திருப்பச் சொன்னால் 32 எம்பி ராம் போதாமல் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும், ஐந்து நிமிஷம் ஓயாத சத்தம். ஆனால் அந்தச் சத்தம் இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், நிம்மதியாக டீ குடித்துவிட்டு வரலாம். சத்தம் நின்றுபோய்த் திரையில் மணல்கடிகாரம் மட்டும் நின்றால் மெஷின் ஹேங் ஆகிவிட்டது. திரையைப் பார்க்காமலே, பக்கத்து மேஜையில் இருந்துகொண்டே, காதாலேயே தெரிந்துகொள்வோம். நீங்கள் தேடுவதும் இதுதான் என்று நினைக்கிறேன். மெஷின் என்ன செய்கிறது என்பது நமக்குக் கேட்டது.

சரி, எதிலிருந்து வந்தது என்றால், இரண்டு இடத்திலிருந்து. ஃபைல்களைச் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றும். 7200 என்றால் நொடிக்கு 120 சுற்று, அந்த அதிர்வு ஆண் பாடகருக்கு வைக்கும் ஒரு கட்டை சுருதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ஆன் செய்ததிலிருந்து ஆஃப் செய்யும்வரை மாறாமல் பின்னால் ஓடும் தம்புரா அது. அதற்கு மேல் தாளம் போடுவது தட்டின் மேல் நகரும் கை, அதன் நுனியில் இருக்கும் தலைதான் தட்டில் எழுதும், படிக்கும். ஸ்பீக்கருக்குள் இருப்பது போலவே காந்தத்துக்கு நடுவில் ஒரு கம்பிச்சுருள், மின்சாரம் பாய்ந்தால் கையைத் தள்ளும். சில மில்லிசெகண்டுக்குள் பாய்ந்து, சடாரென்று நிற்க வேண்டும். அந்த உதைப்பு திருகாணி வழியாகத் தகரக் கேபினெட்டுக்குப் போகும், வீணைக்குக் குடம் மாதிரி கேபினெட் அதைப் பெரிதாக்கிக் கொடுக்கும். ஒரே ஃபைல் துண்டு துண்டாகப் பல இடத்தில் கிடந்தால் கை தாவிக்கொண்டே இருக்கும், அதுதான் கறகற. வரிசையாகக் கிடக்கும் பெரிய ஃபைலைப் படிக்கும்போது சத்தம் ஏறக்குறைய இருக்காது. விண்டோஸ் 98-இல் அந்தத் துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் டிஃப்ராக் ஓடவிட்டு, கலர் கட்டங்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டு கேட்டிருந்தால் உங்களுக்கே புரிந்திருக்கும்.

இதற்கும் முந்தைய டிஸ்க்குகளின் சத்தம் வேறு. 1983-இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் 10 எம்பி டிஸ்க். பின்னால் வந்த சீகேட் எஸ்டி-225-இல் 20 எம்பி. அந்தக் காலத்து டிஸ்க்குகளில் கையை நகர்த்தியது ஸ்டெப்பர் மோட்டார், படி படியாகத்தான் போகும், ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கேட்கும். தகரக் கூரை மேல் கோழி நடப்பது மாதிரி இருக்கும். மெஷினை இடம் மாற்றும் முன்பு பார்க் என்று ஒரு கமாண்ட் கொடுத்துக் கையை ஓரமாக நிறுத்த வேண்டும், அப்போது டிர்ர்ர் என்று ஒரே இழுப்பாகப் போய் நிற்கும்.

கேள்வி: என் பழைய டிஸ்க் டக்... டக்... டக் என்று ஒரே இடைவெளியில் அடிக்கிறது. உள்ளே கல்யாணப் போட்டோக்கள் இருக்கின்றன. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: கூடாதும்மா, இப்போதே நிறுத்திவிடுங்கள். தட்டில் இருக்கும் அடையாளங்களைத் தலையால் படிக்க முடியவில்லை, அதனால் கை பின்வாங்கி முட்டி, மறுபடி போய்த் தேடுகிறது. தலைக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியது தலைமுடியின் தடிமனைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறிய காற்று இடைவெளி. தலை பழுதாகியிருந்தால் ஒவ்வொரு முயற்சியிலும் தட்டையே சுரண்டிவிடலாம். 2003-இல் என் டிஸ்க் ஒன்று இப்படி அடிக்க ஆரம்பித்தபோது நான் பத்துத் தடவையாவது ஆன் செய்து பார்த்தேன், அதற்கடுத்த தடவை அது சுற்றவே இல்லை. அப்பா பேசியதை மைக் வைத்துப் பதிந்திருந்தேன், அந்த ஒரே பிரதி அதில் போனது. திருப்புளியால் மூடியைத் திறக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுவார்கள், உள்ளே ஈரம் கோத்துவிடும், அதையும் கேட்காதீர்கள். தூசியில்லாத அறை வைத்து டேட்டா மீட்டுக் கொடுப்பவர்களிடம் கொடுங்கள். செலவு ஆகும், ஆனால் உங்களிடம் இருப்பது கல்யாணப் போட்டோ.

கேள்வி: எஸ்எஸ்டி (சுற்றும் தட்டே இல்லாத, சத்தம் போடாத டிஸ்க்) வருவதற்கு முன்பே டிஸ்க் சத்தம் குறைந்துவிட்டதே, எப்படி? (வாசகர், ஈரோடு)

பதில்: தட்டைச் சுற்றும் மோட்டாரில் முதலில் பால் பேரிங் இருந்தது. அது தேயத் தேய ஙீ என்று கீச்சுக்குரல் ஏறும். 2000-ஐ ஒட்டி உருண்டைகளுக்குப் பதில் மெல்லிய எண்ணெய்ப் படலம் வந்தது. 2001-இல் வந்த சீகேட் பாரகுடா ஏடிஏ 4 அப்படிப்பட்டது, அமைதிக்காகவே அதைத் தேடி வாங்கினார்கள். கையின் பாய்ச்சலைக் கொஞ்சம் மெதுவாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் வசதியும் பல டிஸ்க்குகளில் வந்தது.

கேள்வி: அந்தச் சத்தத்தை இப்போது கேட்க என்ன வழி? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: போலந்தில் பாவெல் ஸட்ரோஷ்னியாக் என்பவர் 512 ஃப்ளாப்பி டிரைவ், 16 ஹார்டு டிஸ்க், 4 ஸ்கேனர் சேர்த்து 2022-இல் ஒரு வாத்தியமே செய்தார், பாட்டு வாசிக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க்குக்குப் பதில் மெமரி கார்டு போட்டிருப்பவர்கள், டிஸ்க் விளக்கு மினுக்கும்போதெல்லாம் டிக் என்று அடிக்கும் சின்ன போர்டு ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் நல்ல வேலைதான். ஆனால் உங்கள் வீட்டு மெஷின் பரணில் இன்னும் இருந்தால் அதைத்தான் நான் கேட்கச் சொல்லுவேன். அந்த டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, எத்தனை தடவை ஆன் ஆகும் என்று சொல்ல முடியாது. முதல் தடவை ஆன் செய்யும்போதே போன் ரெக்கார்டரை ஓடவிடுங்கள். முக்கியமான ஃபைல்களை அப்போதே காப்பி செய்யுங்கள், சின்னச் சின்ன ஃபைலாக நிறைய இருந்தால் நல்ல கறகற கிடைக்கும். போனை மெஷின் மேல் வைக்காமல் பக்கத்தில் மடித்த துண்டின் மேல் வையுங்கள், அறையில் ஓடும் சீலிங் ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். கடைசியில் ஆஃப் செய்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட வேண்டாம். கரன்ட் போன இருட்டில் நாங்கள் பேச்சில்லாமல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அப்போதுதான் வரும், தம்புரா மெல்ல மெல்லக் கீழே இறங்கி அடங்க சில நொடி ஆகும்.