விட்டு விட்டு அறுந்துபோகும் இணைப்பு: கணினிக் கேள்வி பதில்

கேள்வி: தலவாக்கலைக்கு அருகில் ஒரு தோட்டத்தில், லயன் வீட்டில் இருக்கிறோம். சிம் போடும் 4ஜி ரவுட்டர் முன்னறை ஜன்னலோரம் இருக்கிறது. பின்னறையிலுள்ள மேசைக் கணினியில் மகளின் இணையவழி வகுப்பு சிறிது நேரம் ஒழுங்காக ஓடி, பிறகு உறைந்துவிடுகிறது; சற்று நேரத்தில் தானாகவே திரும்புகிறது. பனிமூட்டமான நாட்களில் இது கூடுகிறது போலத் தெரிகிறது. கடையில் விண்டோஸைப் புதிதாக நிறுவித் தந்தார்கள், பலன் இல்லை. புதிய ரவுட்டர் வாங்க வேண்டுமா?
வாசகி, தலவாக்கலை

பதில்: ரவுட்டர் வாங்கும் யோசனையைத் தயவுசெய்து இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முற்றாக நின்றுபோன இணைப்பைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போகும் இணைப்போ, பழுது பார்ப்பவர் வந்து நிற்கும்போது நன்றாக வேலை செய்யும். அதனால்தான் பலரும் ஊகத்தின் பேரில் ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள். உங்கள் கணினியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதை, ரவுட்டரிலிருந்து கைபேசிக் கோபுரம் வழியாக வெளியுலகம் வரை இன்னொரு பாதை. அறுவது இவற்றில் எது என்பதை, அறும் அந்த நேரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

அதற்குக் கணினியிலேயே வசதி இருக்கிறது. 'கமாண்ட் புரொம்ப்ட்' சாளரத்தைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 போன்ற ஓர் எண் தெரியும். அதுவே உங்கள் ரவுட்டரின் முகவரி. அடுத்து 'பிங்' என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணையும், மீண்டும் இடைவெளி விட்டு ஒரு சிறு கோட்டையும் அதை ஒட்டி 'டி' எழுத்தையும் இட்டால், நீங்கள் நிறுத்தும்வரை நொடிக்கொரு முறை கணினி ரவுட்டரைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது சாளரத்தில் இதையே 8.8.8.8 என்ற கூகுளின் பொது முகவரிக்குச் செய்யுங்கள். இதற்குச் செலவாகும் தரவு மணிக்கு அரை மெகாபைட்டுக்கும் குறைவு என்பதால் டேட்டா தீர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இரண்டையும் ஓடவிட்டு, மகளை வழக்கம்போல வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள்.

வகுப்பு உறையும் நேரத்தில் இரண்டு சாளரத்திலும் 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வந்தால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. ரவுட்டர் பதில் தந்துகொண்டிருக்க, 8.8.8.8 மட்டும் மௌனமாகிவிட்டால் கோளாறு கோபுரத்தின் பக்கம். இரண்டும் பதில் தந்தும் இணையதளங்கள் திறக்கவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையைச் சந்தேகிக்கலாம். அந்தச் சமயம் ரவுட்டரின் விளக்குகளையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். எல்லாம் அணைந்து புதிதாக எரியத் தொடங்கினால், தளர்ந்துபோன மின் அடாப்டரையோ இரவில் தாழும் மின்னழுத்தத்தையோதான் கவனிக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வீட்டுக்குள்ளே இருக்கவே அதிக வாய்ப்பு உண்டு என்று நினைக்கிறேன். பழைய லயன்களின் கல் சுவர் தடிப்பானது. இடையில் தகரத் தடுப்பு இருந்தால் வைஃபை அலை அதில் பட்டுத் திரும்பிவிடும். போதாததற்கு, மேசைக் கணினிகளில் பெரும்பாலும் வைஃபைக்கென ஒரு சிறிய யூஎஸ்பி வில்லையைப் பெட்டியின் பின்புறம் செருகியிருப்பார்கள். அந்த இடத்தை ஒரு முறை குனிந்து பாருங்கள். வில்லைக்கு முன்னால் இரும்புப் பெட்டி, பின்னால் சுவர், பக்கத்து நீல நிறத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க். அந்த நீலத் துளை யூஎஸ்பி 3.0 வகை, அது வேலை செய்யும்போது எழும் மின்னிரைச்சல், வைஃபை பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி வில்லையை மேசைக்கு மேலே, ரவுட்டர் இருக்கும் திசையில் கொண்டுவந்து வைத்தாலே நிலைமை மாறக்கூடும். மின்சாரத்தைச் சேமிக்க வைஃபை வில்லையை அணைத்துவைக்கும் அனுமதி விண்டோஸில் உண்டு. டிவைஸ் மேனேஜரில் அதன் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்துக்குப் போய் அந்தச் சரிக் குறியை எடுத்துவிடுங்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது இந்த அமைப்புகள் பழையபடியே திரும்பிவிடும். கடைக்காரர் செய்த வேலை பலிக்காமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இவற்றையெல்லாம்விட நான் விரும்பிச் சொல்லும் வழி, ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு லேன் வயர் இழுப்பது. நூறு மீற்றர் வரை அது தாராளமாக வேலை செய்யும். முன்னறையிலிருந்து பின்னறை எந்த மூலைக்கு! வயரின் முனையிலுள்ள பிளாஸ்டிக் கொக்கி உடையாமல், 'கிளிக்' என்று பூட்டிக்கொள்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வகுப்பு நடுவில் அறுவது சின்ன விஷயமல்ல.

பனியைப் பற்றி: 4ஜி அலைகள் சில கிகாஹெர்ட்ஸ் அளவுக்குள்ளேயே இருப்பதால் பனிமூட்டம் அவற்றைக் கணிசமாகக் குறைப்பதில்லை. ஆனால் பனியோடு வரும் மழை மரக்கிளைகளை நனைக்கும். நனைந்த இலைகள் அலையை உறிஞ்சும். அத்தகைய நாட்களில் எல்லாரும் வீட்டுக்குள் கைபேசியோடு இருப்பதால் கோபுரத்தின் சுமையும் கூடும். சோதனையில் வெளிப்பக்கம்தான் அறுகிறது என்று தெரிந்தால், ரவுட்டரின் முகவரியை உலாவியில் தட்டி 'ஆர்எஸ்ஆர்பி' என்ற, கோபுரத்திலிருந்து வரும் அலையின் வலிமையைக் காட்டும் அளவைப் பாருங்கள். -90 அல்லது பூச்சியத்துக்கு அதைவிட நெருங்கிய எண் (-80 போல) நல்லது; -110 ஐவிடக் கீழே (-115 போல) இறங்கினால் தொடர்பு தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மலைச்சரிவு கோபுரத்தை மறைக்காத ஜன்னலைத் தேடி ரவுட்டரை இடம் மாற்றி, ஒவ்வோர் இடத்திலும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுடையது தொலைபேசி வயரில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு. தொலைபேசி மணி அடிக்கும் போதெல்லாம் இணையம் அறுகிறது. ஏன்?
வாசகர், பண்டாரவளை

பதில்: பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயும், இணையம் ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் ஒரே வயரில் போகின்றன. இரண்டையும் பிரிப்பது 'ஸ்பிளிட்டர்' என்ற சிறு பெட்டி. வீட்டிலுள்ள ஒவ்வொரு தொலைபேசிக்கும், சமையலறையில் நீட்டிவைத்திருக்கும் இரண்டாவது தொலைபேசிக்கும்கூட, அது அவசியம். ஒன்றே ஒன்றில் அது இல்லாவிட்டாலும் மணி ஒலிக்கும்போது இணையம் குழம்பிவிடும். எல்லாவற்றையும் கழற்றி, மொடத்தை மட்டும் நேராகப் பொருத்தி ஒரு நாள் பாருங்கள். அப்போதும் மழை நாளில் அறுந்தால், தொலைபேசியைத் திரும்பப் பொருத்தி, எடுத்துக் காதில் வைத்துக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் வெளியே ஏதோ ஒரு வயர் இணைப்பில் ஈரம் ஏறிச் செப்பு களிம்பேறியிருக்கிறது. முறைப்பாடு செய்யும்போது 'இணையம் வேலை செய்யவில்லை' என்று சொல்லாமல், 'பேசும்போதே கரகரப்பு கேட்கிறது' என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால், வருபவர் உங்கள் கணினியைக் கிளறாமல் முதலில் வயரைச் சோதிப்பார்.