சர்வர் இல்லாமல் ஒரே கம்ப்யூட்டரில் ஓடும் சின்ன மென்பொருளுக்கு, தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ்களான லெவல்டிபி, ராக்ஸ்டிபி, எல்எம்டிபி மூன்றில் எது நல்லது?

கரண்ட் போய்த் திரும்ப வந்தபின் கணக்கு அப்படியே இருக்க வேண்டுமா? அதை முதலில் முடிவு செய்யுங்கள். வேகத்தை அப்புறம் பார்க்கலாம்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு எடைக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். விடியுமுன்னே மல்லி வந்து இறங்கும். எடை, விலை, விவசாயி பெயர் மூன்றையும் பதிந்து சிட்டை கொடுக்க வேண்டும். ஒரே கம்ப்யூட்டர் என்பதால், புரோகிராமுக்குள்ளேயே ஓடுகிற லைப்ரரி போதும் என்று லெவல்டிபி போட்டேன். கூகிளில் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் எழுதி, 2011-ல் ஓப்பன் சோர்ஸாக வந்தது அது. கையாள எளிது, வேகமும் நல்ல வேகம்.

ஒரு நாள் கரண்ட் போனது. யுபிஎஸ் தாங்கவில்லை. மறுபடி ஆன் செய்தால் கடைசி நாலு சிட்டை கணக்கில் இல்லை.

"தம்பி, விவசாயி கையில சிட்டையோட நிக்கிறாரு. அவருக்கு நான் என்னப்பா பதில் சொல்றது?" என்றார் முதலாளி. எனக்குப் பேச்சு வரவில்லை.

காரணம் இதுதான். லெவல்டிபி ஒவ்வொரு பதிவையும் முதலில் ஒரு லாக் ஃபைலில் சேர்க்கும். ஆனால் எழுதும்போது கொடுக்கும் 'சிங்க்' என்ற ஆப்ஷன், நாம் மாற்றாதவரை, ஆஃப். அப்போது பதிவு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மெமரி வரைக்கும்தான் போகும். டிஸ்கில் இறங்கும்வரை காத்திராமல் 'எழுதியாச்சு' என்று பதில் வந்துவிடும். புரோகிராம் மட்டும் கிராஷ் ஆனால் எதுவும் தொலையாது. மெஷினே அணைந்தால் கடைசிப் பதிவுகள் போகலாம். லெவல்டிபியின் டாக்குமென்டேஷனிலேயே இது தெளிவாக இருக்கிறது. நான் படிக்காமல் விட்டது என் தவறு. சிங்க் போட்டால் எழுதுவது மெதுவாகும், உண்மைதான். ஆனால் தராசில் ஒரு மூட்டையை இறக்கி அடுத்ததை ஏற்றும் நேரத்துக்கு முன்னால் அந்தத் தாமதம் ஒன்றுமே இல்லை.

இப்போது அந்தக் கடையில் ஓடுவது எல்எம்டிபி. ஓப்பன்எல்டாப் என்ற டைரக்டரி சர்வர் திட்டத்துக்காக ஹோவர்ட் சூ எழுதியது. ஃபைலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும்; பழைய பக்கத்தின் மேல் எழுதாது. மாற்றத்தை வேறு பக்கத்தில் எழுதிவிட்டு, கடைசியில்தான் 'இனி இதுதான் கணக்கு' என்று தலைப்பக்கத்தை மாற்றும். கமிட் செய்தால், அதாவது மாற்றத்தை உறுதி செய்தால், தானாகவே டிஸ்கில் இறக்கும். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஃபைலின் உச்ச அளவை நாம் சொல்லாவிட்டால் 10 எம்பியோடு இடம் நிறைந்துவிடும். முதலிலேயே தாராளமாக வையுங்கள். கணக்கைப் படிப்பதற்கான ரீட் டிரான்சாக்‌ஷனைத் திறந்து மூடாமல் விட்டால், பழைய பக்கங்களைத் திரும்பப் பயன்படுத்த முடியாமல் ஃபைல் வீங்கிக்கொண்டே போகும்.

ராக்ஸ்டிபி? லெவல்டிபியிலிருந்து ஃபேஸ்புக் வளர்த்தெடுத்தது, பெரிய சர்வர்களுக்கானது. ஒரு கடைக் கணக்குக்கு அதன் அத்தனை செட்டிங்குகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

தமிழில் கீ (பதிவைத் தேடி எடுக்கும் அடையாளம்; அதனுடன் சேமிக்கும் தகவல்தான் வேல்யூ) வைப்பவர்களுக்கு இன்னொன்று. மூன்றுமே கீயை பைட் வரிசையில்தான் அடுக்கும். டோக்கன் எண்ணை வெறும் எழுத்தாக வைத்தால் 10 முதலில் வரும், 9 பிறகு வரும். முன்னால் பூஜ்யம் சேர்த்துவிடுங்கள். ஊர்ப்பெயர் இன்னும் மோசம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ன, ழ, வ என்பதுதான் வரிசை. அதனால் என் பட்டியல் அனுப்பானடி, அழகர்கோவில், அவனியாபுரம் என்று வந்தது. அகராதிப்படி இது அப்படியே தலைகீழ். முதலாளி பேரேட்டில் பழகியவர், பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் அகராதி வரிசைப்படி ஓர் எண் கொடுத்து, அந்த எண்களைக் கீயாகவும் பெயரை வேல்யூவாகவும் வைத்தேன். இப்போது பட்டியல் அவனியாபுரத்தில் தொடங்குகிறது.