திருகோணமலையில் கண்ட செம்மஞ்சள் மரங்கொத்தி வழிதவறி வந்ததா?

நிலாவெளிப் பக்கம் ஒரு தென்னையில் செம்மஞ்சள் முதுகோடு மரங்கொத்தி. புத்தகப் படம் எதோடும் பொருந்தவில்லை. வழிதவறிய பறவையா என்று கேட்கிறார்கள்.

வழிதவறிய பறவை என்றால், தன் இனம் வழக்கமாக வாழும் எல்லைக்கு வெளியே வந்துவிட்ட பறவை. மரங்கொத்திகளில் இது அபூர்வம். நம்மூர் மரங்கொத்திகள் வலசை போவதில்லை. அதனால் முதலில் உள்ளூர்க் காரணத்தைத் தேடுங்கள்.

வடக்கே, யாழ்ப்பாணப் பக்கம், பொன்மஞ்சள் முதுகு மரங்கொத்தி. தெற்கே, இலங்கைக்கே உரிய செம்முதுகு மரங்கொத்தி. இரண்டும் சந்திக்கும் இடைப்பகுதியில் இணைசேர்ந்து கலப்புக் குஞ்சுகள் பொரிக்கின்றன. அவற்றின் முதுகு இரண்டுக்கும் நடுவான செம்மஞ்சள். நிலாவெளியில் கண்டதும் பெரும்பாலும் இப்படியொரு கலப்புப் பறவைதான். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற இடத்தில் ஆற்றுத் தண்ணீர் எங்கே முடிகிறது என்று கோடு போட முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

சரி, அரியதை எப்படிப் பிரித்தறிவது? முதுகை விட்டுவிட்டுப் பிடரியைப் பாருங்கள். கறுப்பு என்றால் மேலே சொன்னவைதான். பிடரியிலிருந்து தோள்களுக்கு நடுவே வெள்ளை இறங்கினால் அது வெண்பிடரி மரங்கொத்தி. மழை குறைந்த உலர்வலயத்தில் வாழ்ந்தாலும் கண்ணில் படுவது அரிது. கட்டாயம் படம் எடுத்து வையுங்கள். அப்புறம், அலகு யானைத் தந்தம்போல் வெளிறியிருந்தால் அது பெரிய செம்முதுகு மரங்கொத்தி, தனி இனம்.

நெற்றியில் கறுப்பின்மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் வேறு இனம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெண் பறவை. ஆணுக்கு நெற்றியிலிருந்தே சிவப்பு.