உருகுவேயின் கால்பந்து – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னமெரிக்கக் கால்பந்து பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். உருகுவேயைப் பற்றி ஒரு கேள்வி. அந்த நாட்டில் மொத்தமே 35 லட்சம் பேர்தான். எங்கள் கோவை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு பேர் இருந்தோம். ஆனால் அவர்களிடம் 2 உலகக்கோப்பை, 2 ஒலிம்பிக் தங்கம், 15 கோபா அமெரிக்கா (தென்னமெரிக்கக் கோப்பை) இருக்கின்றன. 'கர்ரா சருவா' என்று அவர்களே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சருவா பழங்குடியினரின் போர்க்குணமாம். அப்படியானால் இது இரத்தத்தில் வருவதுதானே? அந்த நெருப்பு நம்மிடம் இல்லாததால்தான் நாம் வெறும் பார்வையாளர்களாக இருக்கிறோம் என்று நண்பர்களிடம் வாதிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். 2010 உலகக்கோப்பையில் கானாவின் கோலை உருகுவேயின் சுவாரெஸ் கையால் தடுத்தது ஏமாற்று வேலை இல்லையா? இரண்டு உலகக்கோப்பை வென்றவர்கள் சட்டையில் நான்கு நட்சத்திரம் போட்டுக்கொள்வது எந்த நியாயத்தில்?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

இது இரத்தத்தில் வருவதா என்ற முதல் கேள்விக்கு என் பதில், 'இல்லை' என்பதுதான். இதில் எனக்குக் கொஞ்சம் ஆவேசமே உண்டு. உருகுவேயை மெச்சுவதாக நினைத்து உலகம் சொல்லும் இந்தக் கதை, அவர்களுடைய ஆகப் பெரிய சாதனையை மறைத்துவிடுகிறது.

சருவா மக்களிலிருந்து தொடங்குகிறேன். 1831 ஏப்ரலில் சல்சிபுவேதெஸ் ஓடைக்கரையில் அவர்களை வரவழைத்துக் கொன்றது உருகுவே அரசின் படைதான். நாட்டின் முதல் அதிபர் ரிவேராவே அதற்குத் தலைமை தாங்கினார். பிடிபட்ட பெண்களும் குழந்தைகளும் மான்டிவீடியோ வீடுகளுக்கு வேலையாட்களாகப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டனர். 1833இல் நால்வரை பாரிசுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். அவர்களில் ஒருவரான வைமாகா பெருவின் எலும்புகள் 2002இல்தான் நாடு திரும்பின. தங்களைச் சருவா வழியினர் என்று சொல்லிக்கொள்பவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் உருகுவேக்குக் கோப்பைகள் வாங்கித்தந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள். நஸாஸி, ஸ்கரோனே, ஷியாஃபினோ, கிஜ்ஜா எல்லாம் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களின் பெயர்கள். அந்த்ராதேவும் கிராதினும் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள். இவர்களில் யாருடைய இரத்தத்தில் சருவா போர்க்குணத்தைத் தேடுவீர்கள்? ஒரு மக்களை அழித்துவிட்டு, அவர்கள் பெயரைத் தங்கள் வீரத்துக்குச் சூட்டிக்கொண்டது ஒரு நாடு. அதை நாமும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ்காரர்கள் போட்ட ரயில் பாதையிலிருந்து, இலவசப் பள்ளியிலிருந்து, பொதுத் திடலிலிருந்து. 1891இல் ரயில்வே கம்பெனி ஊழியர்கள் தொடங்கிய கிளப்தான் பின்னால் பெனியரோல் ஆனது. 1899இல் உள்ளூர் மாணவர்கள் நேசியோனல் கிளப்பைத் தொடங்கினார்கள். அதன் பிறகு பத்லே இ ஓர்தோனியெஸ் அதிபரானார். 8 மணி நேர வேலைச் சட்டம் 1915இலேயே உருகுவேயில் வந்துவிட்டது. கல்லூரிப் படிப்புவரை இலவசமானது. 1911இல் உடற்கல்விக்கென ஒரு தேசிய ஆணையம் அமைத்து, ஊர்தோறும் பொது விளையாட்டுத் திடல்களைத் திறந்தார்கள். மாலையில் வேலை முடிந்த தொழிலாளிக்குப் பொழுதும் இருந்தது, போய் ஆட இடமும் இருந்தது. கல்லுடைப்பவனும் பனிக்கட்டி விற்பவனும் தேசிய அணிக்கு வந்தது இப்படித்தான்.

கறுப்பின வீரர்கள் விஷயம் இன்னும் முக்கியமானது. 1916இல் பியூனஸ் ஐரிஸில் நடந்த முதல் தென்னமெரிக்கக் கோப்பையில் உருகுவே சிலியை 4-0 என்று வென்றது. அந்த உருகுவே அணியில் இசபெலினோ கிராதின், ஹுவான் டெல்காடோ என்ற இரு கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். கிராதின் இரண்டு கோல் போட்டார். உருகுவே ஆப்பிரிக்கர்களை ஆடவைத்துவிட்டது என்று சிலி தரப்பு புகார் கொடுத்தது. அந்தப் புகார் எடுபடவில்லை. கோப்பை உருகுவேக்குப் போனது. சிறிய நாட்டில் யாரையும் வெளியே நிறுத்திவைத்துக் கட்டுப்படியாகாது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எப்படியோ, அக்கம்பக்கத்தினர் செய்யத் தயங்கியதை அவர்கள் செய்தார்கள்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐரோப்பா அவர்களைக் கவனித்துப் பார்த்தது. யூகோஸ்லாவியாவை 7-0, அமெரிக்காவை 3-0, பிரான்ஸை அதன் சொந்த மண்ணில் 5-1, நெதர்லாந்தை 2-1, இறுதியில் சுவிட்சர்லாந்தை 3-0 என்று வென்றார்கள். அந்த அணியைப் பற்றி அன்று எழுதியவர்கள் போர்க்குணத்தைப் பற்றி எழுதவில்லை. பந்தைத் தரையோடு வைத்து, சின்னச் சின்ன பாஸ்களாகக் கொடுத்து, எதிராளியை உடம்பசைவால் ஏமாற்றும் நளினத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். ஹோசே லியாந்த்ரோ அந்த்ராதேவை பாரிஸ் 'கறுப்பு அற்புதம்' என்று கொண்டாடியது. கார்னிவலில் மேளம் அடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். 1957இல் மான்டிவீடியோவில் வறுமையில் இறந்தார். நாடு தன் வீரர்களைக் கொண்டாடிய அளவுக்குக் காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1928 ஆம்ஸ்டர்டாமில் மறுபடியும் தங்கம். இறுதியில் அர்ஜென்டினாவோடு 1-1, மறு ஆட்டத்தில் 2-1. இரண்டு தங்கமும் அரசமைப்பின் நூற்றாண்டும் கையில் இருந்ததால் 1930 உலகக்கோப்பை அவர்களுக்குக் கிடைத்தது. வரும் அணிகளின் பயணச் செலவையும் தாங்களே ஏற்றார்கள். அப்படியும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை நான்கே அணிகள். இறுதி ஆட்டத்தில் யார் பந்தில் ஆடுவது என்று தகராறு வந்து, முதல் பாதிக்கு அர்ஜென்டினா பந்து, இரண்டாம் பாதிக்கு உருகுவே பந்து என்று முடிவானது. இடைவேளையில் அர்ஜென்டினா 2-1 என்று முன்னிலை. முடிவில் உருகுவே 4-2. நான்காவது கோலை அடித்த ஹெக்டர் கஸ்த்ரோ சிறுவயதில் மர அறுப்பு இயந்திரத்தில் ஒரு கையை இழந்தவர்.

ஐரோப்பியர் வராமல் போன கோபத்தில் 1934 போட்டியை உருகுவே புறக்கணித்தது. நடப்புச் சாம்பியன் ஆடவே மறுத்த ஒரே உலகக்கோப்பை அது. 1938க்கும் போகவில்லை.

அடுத்து, ரியோவின் மரக்கானா அரங்கில் பிரேசிலோடு நடந்த 1950 உலகக்கோப்பையின் கடைசி ஆட்டம். போர்க்குணக் கதை முழுக்க 1950 ஜூலை 16ஐ நம்பித்தான் நிற்கிறது. கோப்பைக்குப் பிரேசிலுக்கு டிரா போதும், அரங்கில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், பிரேசிலின் ஃப்ரியாசா முதல் கோலையும் போட்டுவிட்டார். அப்போது கேப்டன் ஒப்துலியோ வரேலா பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலேய நடுவரிடம் போய் ஆஃப்சைடு என்று வாதாடி, கூட்டத்தின் ஆரவாரத்தை ஆறவிட்டார். இது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அதே ஆண்டு மே மாதம் இதே இரு அணிகளும் மூன்று முறை மோதியிருந்தன. உருகுவே ஒன்றில் 4-3 என்று வென்றது. தோற்ற இரண்டிலும் ஒரு கோல் வித்தியாசம்தான். ஸ்வீடனும் ஸ்பெயினும் பிரேசிலிடம் 7-1, 6-1 என்று நொறுங்கியதைப் பார்த்து உலகம் மிரண்டபோது, இவர்களுக்கு மட்டும் எதிரில் நிற்பவர்கள் யார், எவ்வளவு என்று கணக்குத் தெரிந்திருந்தது.

உருகுவே 2-1 என்று வென்ற அந்த ஆட்டத்தில் அவர்கள் போட்ட இரண்டு கோல்களையும் பாருங்கள். 66ஆவது நிமிடத்தில் கிஜ்ஜா வலது ஓரத்தில் பிரேசிலின் பிகோதேயைத் தாண்டிப்போய் நடுவில் தள்ளுகிறார், ஷியாஃபினோ முடிக்கிறார். 79ஆவது நிமிடத்தில் அதே ஓரம், அதே ஓட்டம். மறுபடியும் நடுவில்தான் தள்ளுவார் என்று கோல்கீப்பர் பார்போசா ஓர் அடி முன்னே நகர்கிறார். அவருக்கும் கம்பத்துக்கும் நடுவே திறந்த இடுக்கில் கிஜ்ஜா பந்தை அடிக்கிறார். அது வெறியில் அடித்த கோல் அல்ல. எதிராளியின் மனதை ஒரு நொடிக்குள் படித்து அடித்த கோல். அந்த ஓர் அடிக்காக பார்போசா சாகும்வரை பழி சுமந்தார், அது தனிச் சோகம்.

வரேலாவையும் முரடராகவே வரைகிறார்கள். அவர் 1948இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய தொழிற்சங்க மனிதர். அன்று இரவு ரியோவின் மதுக்கடைகளில் அழுதுகொண்டிருந்த பிரேசில்காரர்களோடு உட்கார்ந்து குடித்தார். அவர்களுடைய துயரத்தைப் பார்த்து வென்றதற்காகவே வருந்தியதாகப் பின்னாளில் சொன்னார்.

1954இல் ஸ்காட்லாந்தை 7-0, இங்கிலாந்தை 4-2 என்று வென்றுவிட்டு, அரையிறுதியில் ஹங்கேரியிடம் கூடுதல் நேரத்தில் 4-2 என்று தோற்றார்கள். உலகக்கோப்பையில் உருகுவேயின் முதல் தோல்வி அது. காயத்தால் வரேலா அன்று ஆடவில்லை.

பிறகு சரிவு. கம்பளிக்கும் இறைச்சிக்கும் விலை விழுந்து நாடு நொடித்தது. நல்ல ஆட்டக்காரர்களை இத்தாலிய கிளப்புகள் வாங்கிப் போயின. மரக்கானாவில் கோல் போட்ட இருவருமே பின்னால் இத்தாலிக்காக ஆடினார்கள். 1958 உலகக்கோப்பைக்கு உருகுவேயும் தகுதி பெறவில்லை, அந்த இருவர் ஆடிய இத்தாலியும் தகுதி பெறவில்லை. 1970இல் நான்காம் இடம் ஒரு விதிவிலக்கு. 1973 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. அந்தக் காலத்தில்தான் போர்க்குணம் என்ற சொல்லுக்குப் பின்னால் முரட்டுத்தனம் ஒளிந்துகொண்டது. 1986இல் டென்மார்க்கிடம் 6-1 என்று உதை வாங்கினார்கள். அடுத்த ஆட்டத்தில் முதல் நிமிடத்திலேயே பதிஸ்தாவுக்குச் சிவப்பு அட்டை. தங்களைப் பற்றிய கதையைத் தாங்களே நம்பியபோது அவர்கள் ஆட்டத்தை மறந்தார்கள் என்றே நான் பார்க்கிறேன்.

2006இல் ஒரு பள்ளி ஆசிரியர் வந்து அதைத் திருத்தினார். ஓஸ்கர் தபாரெஸ் உண்மையாகவே பள்ளியில் பாடம் நடத்தியவர். எல்லா வயது தேசிய அணிகளையும் ஒரே திட்டத்தின் கீழ் கொண்டுவந்தார். 15 வயதுப் பையன் முதல் மூத்த அணியின் ஃபோர்லான் வரை ஒரே வளாகத்தில் ஒரே முறையில் பயிற்சி. படிப்பை விடக்கூடாது, பெரியவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்பதுவரை அதில் சேர்த்தி. அதற்குக் கீழே, 6 வயது முதல் 13 வயதுவரையான பிள்ளைகளுக்கு நாடெங்கும் லீக் நடக்கிறது. 2010இல் நான்காம் இடம், போட்டியின் சிறந்த வீரராக ஃபோர்லான். 2011இல் அர்ஜென்டினா மண்ணில் கோபா. 2018இல் ஊன்றுகோலோடு நின்று அவர் அணியைக் காலிறுதிவரை கொண்டுபோனதைப் பார்த்தபோது நெகிழ்ந்துபோனேன். 2021 இறுதியில் தொடர்தோல்விகளுக்குப் பிறகு அவரை நீக்கினார்கள். அது நன்றிகெட்ட செயல்.

நம்மிடம் நெருப்பு இல்லை என்கிறீர்கள். 1951லும் 1962லும் ஆசியத் தங்கம் வென்று, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த நாடு இது. அன்றைக்கு இருந்த இரத்தம்தானே இன்றும்? கோவையில் 10 வயதுப் பிள்ளை காசு கொடுக்காமல் போய் ஆடக்கூடிய திடல் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நண்பர்களிடம் அதைப் பற்றி வாதிடுங்கள்.

சுவாரெஸ் விஷயம். 1-1 என்ற நிலை, கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள், கோட்டில் நின்று கையால் தட்டினார். ஒளித்துச் செய்வதுதான் ஏமாற்று. இதை உலகமே பார்த்தது, நடுவரும் பார்த்தார். சிவப்பு அட்டை கிடைத்தது, கானாவுக்குப் பெனால்டி கிடைத்தது, அவர்களுடைய கியான் அதைக் குறுக்குக் கம்பத்தில் அடித்தார். விதி கேட்ட விலையை அவர் கொடுத்தார். ஆனால் கானாவின் வலி உண்மையானது. அரையிறுதிக்குப் போகும் முதல் ஆப்பிரிக்க நாடாகும் வாய்ப்பு அன்று கைநழுவியது. மொராக்கோ அங்கே எட்ட 2022 ஆகிவிட்டது. அதே 2022இல் உருகுவே கானாவை 2-0 என்று வென்றும், தென்கொரியா போர்ச்சுகலை வென்றதால் வெளியேறியது. சுவாரெஸ் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நான் அவரைக் குறைசொல்வதென்றால் 2014இல் இத்தாலி வீரர் கியெல்லினியைக் கடித்ததற்குத்தான். அதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது.

நட்சத்திரங்கள் நியாயமானவை. ஒலிம்பிக் கால்பந்தை ஃபிஃபா விதிகளின்படி நடத்தினால், அதை அமெச்சூர்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப்பாக ஏற்பதென்று ஃபிஃபா 1914இலேயே முடிவெடுத்தது. 1924இல் 22 அணிகள் வந்தன, 1930இல் 13தான். எதைப் பெரிய போட்டி என்பீர்கள்? 2021இல் இரண்டு நட்சத்திரங்களை எடுக்கச் சொல்லி ஃபிஃபாவிலிருந்து கேட்டார்கள். உருகுவே சங்கம் ஆவணங்களோடு மறுத்தது. நான்கும் சட்டையில் இருக்கின்றன.

1954 அரையிறுதியின் காட்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. படம் மங்கல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். 2-0 என்று பின்தங்கி, கடைசி கால் மணி நேரத்தில் ஹோபெர்க் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்வதையும், சேற்றில் இரு அணிகளும் பந்தை எவ்வளவு நேர்த்தியாகக் கொண்டுபோகின்றன என்பதையும் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்