மூன்று பேர் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கே: அண்ணா, 'பே இட் ஃபார்வர்ட்' பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதேன். என் தம்பியோ "வெறும் சென்டிமென்ட்" என்று சிரிக்கிறான். நீங்கள் யார் கட்சி?

ப: முக்கால் படத்துக்கு உங்கள் கட்சி, கடைசி கால் மணி நேரத்துக்கு உங்கள் தம்பி கட்சி.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. 2000-ல் மிமி லெடர் இயக்கிய படம். லாஸ் வேகஸில் ஏழாம் வகுப்புக்கு வரும் ஒரு சமூக அறிவியல் வாத்தியார், உலகத்தை மாற்ற ஒரு யோசனை சொல்லுங்கள், சொன்னதைச் செய்தும் காட்டுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுக்கிறார். ட்ரெவர் என்ற பையன் (ஹேலி ஜோயல் ஆஸ்மென்ட், என்ன கண்கள் அந்தப் பிள்ளைக்கு!) கொண்டுவரும் யோசனை இதுதான்: மூன்று பேருக்கு, அவர்களால் தாங்களாகச் செய்துகொள்ளவே முடியாத ஓர் உதவியைச் செய்ய வேண்டும், அவர்கள் அதை எனக்குத் திருப்பித் தரக் கூடாது, ஆளுக்கு வேறு மூன்று பேருக்குச் செய்ய வேண்டும்.

எனக்குப் பிடித்தது அந்தப் பத்திரிகைக்காரர் பகுதி. அவருடைய கார் நொறுங்கிப் போய் மழையில் நிற்கிறார், முன்பின் தெரியாத ஒரு வக்கீல் தன்னுடைய ஜாகுவார் கார் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஏன் என்று இவர் துருவிக்கொண்டே பின்னோக்கிப் போனால், அந்த வக்கீலின் மகள் ஆஸ்துமாவில் மூச்சுத் திணறியபோது, கத்திக்குத்துப் பட்டு அதே ஆஸ்பத்திரியில் காத்திருந்த ஒரு ரவுடி தன் முறையை விட்டுக்கொடுத்து, அதுவும் அடாவடியாக, அவளைக் கவனிக்க வைத்திருக்கிறான். அவனை ஒருநாள் போலீஸிடமிருந்து காப்பாற்றியவர், காரிலேயே குடியிருக்கும் ஒரு குடிகாரக் கிழவி. அந்தக் கிழவிக்கு அதற்கு முன் கிடைத்தது என்ன? பல வருஷம் முகம் கொடுத்துப் பேசாத மகள் தேடி வந்து மன்னித்தது, அவ்வளவுதான். அந்த மகள்தான் ட்ரெவரின் அம்மா. இந்தச் சங்கிலியிலேயே மலிவான பொருள் ஜாகுவார்தான் என்று தோன்றியது எனக்கு. கார் கொடுக்க வசதி இருந்தால் போதும், பெற்ற தாயை மன்னிக்க அந்தப் பெண் பட்ட பாட்டை ஹெலன் ஹன்ட் முகத்தில் பாருங்கள்.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள். பையனைக் கொன்றது எனக்குச் சம்மதமில்லை. நண்பனை அடிக்கிறார்கள் என்று குறுக்கே போய்க் குத்துப்பட்டுச் சாகிறான், அப்புறம் வீட்டு வாசலில் ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்திகள். அதுவரை யாருக்கும் தெரியாமல், ஆள் மாற்றி ஆளாக நடந்துகொண்டிருந்த ஒரு விஷயத்துக்குத் திடீரென்று கூட்டமும் பின்னணிப் பாட்டும் எதற்கு? அழ வைக்கத்தான். நானும் அழுதேன் என்பது வேறு விஷயம்.

கே: மூன்று, ஒன்பது, இருபத்தேழு என்று போனால் உலகம் முழுவதும் சேர எத்தனை நாளாகும்?

ப: நாள் தெரியாது, சுற்று சொல்கிறேன். 10-வது சுற்றில் 59,049 பேர். 20-வது சுற்றில் 348 கோடிக்கு மேல். 21-வது சுற்றில் ஆயிரம் கோடியைத் தாண்டிவிடும், உதவி வாங்க உலகத்தில் ஆள் போதாது!

ஆனால் இது கரும்பலகைக் கணக்கு. மூன்று பேரில் சராசரியாக ஒருவர் தொடர்ந்தால் சங்கிலி பெருகாது, உயிரோடு மட்டும் இருக்கும். அதற்கும் குறைந்தால் தொற்றுநோய் அடங்குவது மாதிரி மெல்ல அடங்கிவிடும். கசப்பான இன்னொரு செய்தியும் உண்டு. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், தாராளமாகப் பெற்றவர்கள் அடுத்தவருக்கு அதே அளவு தாராளம் காட்டவில்லை, ஏமாற்றம் பெற்றவர்கள் மட்டும் அதைச் சிரத்தையாக அடுத்தவர் தலையில் இறக்கிவைத்தார்கள்.

படமும் இதை மறைக்கவில்லை. ட்ரெவர் முதலில் வீட்டுக்கு அழைத்துவந்து சோறு போட்ட போதை அடிமை ஜெர்ரி மறுபடியும் ஊசிக்கே போய்விடுகிறான். பையனுக்கு அது தோல்வி. அதே ஜெர்ரி பிறகு பாலத்திலிருந்து குதிக்கப் போகும் ஒரு பெண்ணைப் பேசிப் பேசித் தடுக்கிறான், அது அந்தப் பையன் கண்ணில் படவே இல்லை.

கே: நான் மூன்று பேருக்கு உதவி செய்தேன். மூவரும் யாருக்கும் எதுவும் செய்யவில்லையே?

ப: எப்படித் தெரியும்? பின்னாலேயே போய்ப் பார்த்தீர்களா?

கே: ஐயா, இதைத்தானே வள்ளுவர் அன்றே சொன்னார்? எதற்கு ஹாலிவுட்?

ப: கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அதுவே இல்லை. மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்துவிட முடியும் என்று கேட்கிறார் வள்ளுவர். அதாவது எதையும் எதிர்பார்க்காதே. ட்ரெவர் கறாரான ஆள், கைம்மாறு கேட்கிறான், விலாசத்தை மட்டும் மாற்றிவிடுகிறான். அமெரிக்காவிலேயே இதற்குப் பழைய முன்னோடி பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். 1784-ல் கஷ்டத்திலிருந்த ஒருவருக்குப் பணம் அனுப்பி, இது இனாம் இல்லை, கடன், நீ தலையெடுத்த பிறகு உன்னைப்போலவே தவிக்கும் நேர்மையான ஒருவனுக்குக் கொடுத்து அடை என்று எழுதினார். இனாம் என்றால் வாங்குகிறவன் கூச வேண்டியிருக்கும். கடன் என்றால் நிமிர்ந்து வாங்கிக்கொள்ளலாம் இல்லையா?

கே: இந்தக் கதையை நம் ஆட்கள் எடுக்கவில்லையா?

ப: எடுத்தார்களே. ஏ.ஆர்.முருகதாஸ் 2006-ல் சிரஞ்சீவியை வைத்துத் தெலுங்கில் 'ஸ்டாலின்' எடுத்தார், அது 2014-ல் சல்மான் கானோடு 'ஜெய் ஹோ' என்று இந்திக்குப் போனது. மூன்று பேர் கணக்கு அப்படியே இருக்கிறது, பள்ளிக்கூடப் பையன் இருந்த இடத்தில் மட்டும் முன்னாள் ராணுவ வீரர். பத்துப் பேரைப் பறக்கவிடக்கூடியவர் உதவி செய்வதில் என்ன ஆச்சரியம்!

கே: நிஜ வாழ்க்கையில் இப்படி நடக்குமா? கதை விடாதீர்கள்.

ப: கதையே நிஜத்தில் ஆரம்பித்ததுதான். மூல நாவலை எழுதிய கேத்தரின் ரயன் ஹைடின் கார் ஓர் இரவு தீப்பிடித்தபோது, தெரியாத இரண்டு பேர் ஓடிவந்து போர்வையால் அணைத்துவிட்டு, இவர் நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்கள். யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்ற அந்தத் தவிப்புதான் 1999-ல் நாவலானது.

2014-ல் ஃப்ளோரிடாவில் ஒரு காபிக் கடையில் முன்னால் போகிறவர் பின்னால் வரும் காருக்குப் பணம் கட்ட, அப்படியே முன்னூறு பேருக்கு மேல் போனது. நல்ல தமாஷ்தான். ஆனால் கார் வைத்திருப்பவருக்குக் காபி வாங்கிக்கொடுப்பது ட்ரெவர் விதியில் தேறாது, அவரே வாங்கிக்கொள்வார்.

தேறுவது சிறுநீரகச் சங்கிலி. ஒருவர் முகம் தெரியாத நோயாளிக்குச் சிறுநீரகம் கொடுக்கிறார். அந்த நோயாளியின் மனைவியோ அண்ணனோ கொடுக்கத் தயாராக இருந்தும் பொருந்தாமல் போனவர், அதனால் அவர் வேறொரு அந்நியருக்குக் கொடுக்கிறார். 2011-ல் அமெரிக்காவில் இப்படி 17 ஆஸ்பத்திரிகளில் 30 சிறுநீரகங்கள் கைமாறின, கொடுத்தவர் பெற்றவர் எல்லாம் சேர்த்து 60 பேர். நம்ம ஆளுக்குத்தான் கிடைத்துவிட்டதே என்று நடுவில் ஒருவர் பின்வாங்கினாலும் அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. முப்பது பேரும் கொடுத்தார்கள். கடைசியாகப் பெற்றவருக்கு, பதிலுக்குக் கொடுக்க என்று சொந்தத்தில் ஒருவர்கூட இல்லை.