16 ஆண்டு தண்டனை கொடுத்த ரஷ்யா, 13ஆம் நாளே அந்தச் செய்தியாளரை விட்டது எப்படி?

கோபியிலிருந்து கேட்டிருக்கீங்க. அந்தத் தண்டனையே பேரத்தில் ஒரு படிதானுங்க.

வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற அமெரிக்க நாளிதழின் செய்தியாளர் எவான் கெர்ஷ்கோவிச், அமெரிக்கர், 2023 மார்ச்சில் உளவு பார்த்ததாகக் கைதானார். தீர்ப்பு வந்த பிறகே கைதி மாற்றம் பற்றிப் பேச முடியும் என்றது மாஸ்கோ. 2024 ஜூலை 19 தீர்ப்பு. ஆகஸ்ட் 1 துருக்கியின் அங்காராவில் விடுதலை.

புளியம்பட்டிச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து மாட்டு விலை பேசுவாங்களே, அப்படித்தான் இதுவும். வெளியே ஆளுக்கொரு அறிக்கை, உள்ளே வேறு கணக்கு. சிக்கல் என்னன்னா, பதிலுக்கு ரஷ்யா கேட்ட அதன் ஆள் வாதிம் கிராசிகோவ் அமெரிக்கச் சிறையிலேயே இல்லை. 2019 பெர்லின் கொலைக்காக ஜெர்மனியில் ஆயுள் கைதி. அடுத்தவன் பட்டியில் கட்டிய மாட்டுக்கு வாஷிங்டன் எப்படி விலை சொல்லும்? ஜெர்மனியைச் சம்மதிக்க வைத்ததுதான் உண்மையான வேலை. கடைசியில் ஏழு நாடுகள் சேர்ந்து 24 பேரைக் கைமாற்றின.

நம்ம ஆள் யாராவது வெளிநாட்டில் சிக்கினால்? 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி தூதரக அதிகாரி சிறையில் போய்ப் பார்க்கலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். விடுவிக்கச் சொல்லி உத்தரவு போட முடியாது. குடும்பத்தார் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் உடனே பதியணும். பாஸ்போர்ட் நகல் வீட்டில் இருக்கட்டுங்க.